வெளிநாட்டிலிருந்து வரும் விற்றமின் டி போத்தல்: மார்பகப் புற்றுநோய் உள்ளவர்கள் அறிந்திருக்க வேண்டியவை

வெளிநாட்டில் உறவுகள் உள்ள வீடுகளில் ஒருவருக்கு மார்பகப் புற்றுநோய் என்று தெரியவந்தால், சில வாரங்களுக்குள் பொதிகள் வரத் தொடங்கிவிடும். கனடாவிலிருந்து அக்கா, லண்டனிலிருந்து பெறாமகள், சுவிஸிலிருந்து மச்சான் என்று ஆளுக்கொரு போத்தல் அனுப்புவார்கள். அவற்றில் ஒன்று அனேகமாக விற்றமின் டி ஆக இருக்கும். இதைப் போட்டால் புற்றுநோய் திரும்ப வராதாம் என்ற வட்ஸ்அப் தகவலும் கூடவே வரும். அனுப்புகிறவர்களின் அன்பில் குறை சொல்ல எதுவுமில்லை. போர்க்காலத்தில் பக்கத்தில் நிற்க முடியாமல் போனவர்களுக்கு, இன்று பக்கத்தில் நிற்பதற்குக் கிடைத்திருக்கும் வழிகளில் அந்தப் பொதியும் ஒன்று.

ஆனால் அந்தக் குளிசை என்ன செய்யும், என்ன செய்யாது என்பதைத் தெளிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. விற்றமின் டி மார்பகப் புற்றுநோயைக் குணப்படுத்தும் என்றோ, திரும்ப வராமல் தடுக்கும் என்றோ இதுவரை நிரூபிக்கப்படவில்லை. அதேநேரம், மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறும் பெண்களில் பெரும்பாலானோருக்கு அது தேவையான ஒன்று. அந்தத் தேவை அவர்களுடைய எலும்போடு சம்பந்தப்பட்டது. இந்த இரண்டு விடயங்களையும் குழப்பிக்கொள்வதால்தான் சிலர் தேவைக்கு மிஞ்சிப் போடுகிறார்கள், வேறு சிலர் தேவையிருந்தும் போடாமல் விடுகிறார்கள்.

விற்றமின் டி உடம்பில் என்ன செய்கிறது?

மற்ற விற்றமின்களை நாம் உணவிலிருந்து பெறுகிறோம். விற்றமின் டி-யை நமது தோலே உருவாக்குகிறது. வெயிலில் உள்ள புறஊதாக் கதிர்களில் 'பி' என்ற வகை தோலில் படும்போது இது உருவாகும். பிறகு ஈரலில் ஒருமுறையும் சிறுநீரகத்தில் ஒருமுறையும் மாற்றமடைந்து, ஹோமோன் போல வேலை செய்யும் நிலையை அடைகிறது. அதன் முதன்மையான வேலை, நாம் உண்ணும் உணவிலுள்ள கல்சியத்தைக் குடல் உறிஞ்சிக்கொள்ள உதவுவது. விற்றமின் டி போதாவிட்டால் எவ்வளவு பால் குடித்தாலும் கல்சியத்தில் பெரும்பகுதி வீணாகிவிடும். அப்போது உடம்பு தனக்குத் தேவையான கல்சியத்தை எலும்பிலிருந்து எடுக்கத் தொடங்கும்.

புற்றுநோயோடு தொடர்புபடுத்தியது எப்படி?

இந்த நம்பிக்கை வெறும் வட்ஸ்அப் கதையாகத் தொடங்கியது அல்ல. 1980 இல் அமெரிக்க ஆய்வாளர்களான செட்ரிக் கார்லண்ட், பிராங்க் கார்லண்ட் சகோதரர்கள் வெயில் குறைந்த இடங்களில் குடற்புற்றுநோய் மரணங்கள் கூடுதலாக இருப்பதைக் கவனித்து, அதற்கு விற்றமின் டி காரணமாக இருக்கலாம் என்று எழுதினார்கள். பிறகு மார்பகப் புற்றுநோயிலும் இதே கேள்வி எழுந்தது. மார்பகக் கலங்களில் விற்றமின் டி-யை ஏற்கும் அமைப்புகள் இருப்பதும், ஆய்வுகூடத்தில் அது புற்றுநோய்க் கலங்களின் வளர்ச்சியை மந்தமாக்குவதும் கண்டறியப்பட்டன.

மனிதர்களை அவதானித்த ஆய்வுகளும் அதே திசையைக் காட்டின. கலிபோர்னியாவில் மார்பகப் புற்றுநோய் உள்ள 1,666 பெண்களைத் தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வின் முடிவு 2016 இல் வெளியானது. நோய் கண்டறியப்பட்ட வேளையில் இரத்தத்தில் விற்றமின் டி அதிகமாக இருந்தவர்கள், குறைவாக இருந்தவர்களைவிடக் கூடுதல் காலம் உயிர்வாழ்ந்தார்கள்.

இதைப் படிக்கும் எவருக்கும், அப்படியானால் குளிசை போட்டு அளவைக் கூட்டினால் ஆயுளும் கூடும் என்றுதான் தோன்றும். ஆனால் இங்கே சற்று நிதானிக்க வேண்டும். நோய் கடுமையானவர்கள் வீட்டுக்கு வெளியே போவது குறைவு. உடற்பருமன் கூடியவர்களின் இரத்தத்தில் விற்றமின் டி குறைவாகவே காணப்படும். உடம்பில் அழற்சி இருந்தாலும் அளவு இறங்கும். நடமாடக்கூடிய, வெயில் படக்கூடிய, பொதுவாக ஆரோக்கியமான பெண்ணுக்கு அளவு கூடுதலாக இருக்கும். அப்படியென்றால் குறைந்த அளவு நோய் மோசமாவதற்குக் காரணமா, அல்லது உடல்நிலை மோசமாக இருப்பதன் அடையாளமா? அவதானிப்பு ஆய்வுகளால் இந்தக் கேள்விக்கு விடை சொல்ல முடியாது.

குளிசை கொடுத்துப் பார்த்தபோது

விடை காண ஒரு வழி உண்டு. ஆட்களைச் சீட்டுக்குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியினருக்கு விற்றமினும் மறுபகுதியினருக்கு மருந்தில்லாத வெறும் குளிசையும் கொடுத்துப் பார்க்க வேண்டும். அப்படிச் செய்த பெரிய ஆய்வுகள் இரண்டை இங்கே குறிப்பிடலாம்.

அமெரிக்காவில் மாதவிடாய் நின்ற 36,282 பெண்களிடம் நடந்த ஆய்வில், ஒரு பகுதியினருக்கு நாளொன்றுக்கு 1,000 மில்லிகிராம் கல்சியமும் 400 அலகு விற்றமின் டி-யும் ஏழு ஆண்டுகள் அளவில் கொடுக்கப்பட்டன. மார்பகப் புற்றுநோய் வருவது குறையவில்லை. சிறுநீரகக் கல் வந்தவர்களின் தொகை மட்டும் 17 சதவீதம் கூடியது. 2018 இல் முடிவு வெளியான 'வைற்றல்' ஆய்வில் 25,871 ஆண்களும் பெண்களும் பங்குபற்றினார்கள். நாளொன்றுக்கு 2,000 அலகு வீதம் ஐந்தாண்டுக்கு மேல் கொடுத்தும் புற்றுநோய் வருவது குறையவில்லை. மார்பகப் புற்றுநோயைத் தனியாக எடுத்துப் பார்த்தபோதும் அதே முடிவுதான்.

இவை இரண்டும் புற்றுநோய் வருமுன் தடுக்க முடியுமா என்று பார்த்தவை. ஏற்கெனவே நோய் உள்ளவர்களின் ஆயுளை விற்றமின் டி கூட்டுகிறது என்று நிறுவிய பெரிய ஆய்வு எதுவும் இல்லை. 2025 இல் பிரேசிலிலிருந்து வந்த ஒரு செய்தி பலருடைய கைபேசிகளைச் சுற்றியது. சத்திரசிகிச்சைக்கு முன் கீமோ பெற்ற 80 பெண்களில், நாளொன்றுக்கு 2,000 அலகு விற்றமின் டி எடுத்தவர்களில் 43 சதவீதமானோருக்குப் புற்றுநோய்க் கட்டி முற்றாக மறைந்தது, எடுக்காதவர்களில் அது 24 சதவீதம் என்பதே அந்தச் செய்தி. கேட்க நம்பிக்கை தருகிறது. ஆனால் ஒவ்வொரு குழுவிலும் ஏறத்தாழ 40 பேர் என்றால், இரண்டு குழுக்களுக்கும் இடையிலான வித்தியாசம் ஏழெட்டுப் பெண்கள்தான். அவ்வளவு சிறிய வித்தியாசம் தற்செயலாகவும் வரலாம். மேலும் பெரிய ஆய்வு செய்து பார்க்க அது ஒரு நல்ல காரணம். கிளினிக் மருந்தை மாற்றிக்கொள்ள அது போதாது.

உண்மையான தேவை எலும்புக்கு

பெண்களின் எலும்பைக் காப்பதில் ஈஸ்ட்ரஜன் ஹோமோனுக்குப் பெரிய பங்கு உண்டு. மார்பகப் புற்றுநோய்களில் பெரும்பாலானவை அதே ஹோமோனைப் பிடித்துக்கொண்டே வளர்கின்றன. அதனால் சிகிச்சையின் நோக்கம் ஈஸ்ட்ரஜனைக் குறைப்பதாகவோ அதன் வேலையை மறிப்பதாகவோ இருக்கிறது. புற்றுநோய்க்கு எதிராக எடுக்கும் அந்த நடவடிக்கைக்கு எலும்பும் விலை கொடுக்கிறது.

மாதவிடாய் நின்ற பெண்களுக்குக் கொடுக்கப்படும் லெற்றொசோல், அனஸ்ரசோல் போன்ற குளிசைகள் ஈஸ்ட்ரஜனை மிகவும் கீழே இறக்கிவிடும். ஐந்து ஆண்டோ அதற்கு மேலோ அவற்றைப் போடும்போது எலும்பின் அடர்த்தி குறைந்து, முறிவு ஏற்படும் ஆபத்து கூடுகிறது. கீமோ காரணமாக இளவயதிலேயே மாதவிடாய் நின்றுபோன பெண்களுக்கும் எலும்பு வேகமாகத் தேயும். தமொக்சிபென் சற்று வேறு. மாதவிடாய் நின்றவர்களின் எலும்பை அது ஓரளவு பாதுகாக்கும். நிற்காதவர்களுக்கு அந்தப் பாதுகாப்புக் கிடைப்பதில்லை.

ஆகவே இந்தச் சிகிச்சைகளில் இருப்பவர்கள் விற்றமின் டி-யும் கல்சியமும் போதுமான அளவு பெறுகிறார்களா என்பதை உறுதிசெய்ய வேண்டும். எலும்பைப் பலப்படுத்தவோ, எலும்புக்குப் பரவிய புற்றுநோய்க்காகவோ சொலெட்ரோனிக் அசிட், டெனோசுமாப் ஊசிகள் போடவிருப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம். விற்றமின் டி குறைந்த நிலையில் இந்த ஊசியைப் போட்டால் இரத்தத்திலுள்ள கல்சியம் ஆபத்தான அளவுக்கு இறங்கக்கூடும். அதனால் குறைபாட்டை முதலில் சரிசெய்துவிட்டே ஊசியைத் தொடங்குவார்கள். பல்லையும் முன்கூட்டியே காட்டிக்கொள்வது நல்லது. இந்த ஊசிகளுக்குப் பின் பல் பிடுங்கினால் தாடை எலும்பு ஆறாமல் போகும் ஆபத்து இருக்கிறது.

லெற்றொசோல் போடும் பெண்களில் பலர் மூட்டு நோவு என்று சொல்லிக் குளிசையை விட்டுவிடுகிறார்கள். விற்றமின் டி கடுமையாகக் குறைந்தாலும் எலும்பும் தசையும் நோகும் என்பதால், அளவைப் பார்த்து, குறைவென்றால் சரிசெய்வது நியாயம். அளவு சரியாக உள்ளவர்கள் மேலும் மேலும் போடுவதால் நோவு குறையும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை. நோவு தாங்க முடியாவிட்டால் கிளினிக்கில் சொல்லுங்கள். வேறு குளிசைக்கு மாற்ற வழி இருக்கிறது. சொல்லாமல் நிறுத்துவதே மோசமான வழி.

இவ்வளவு வெயிலிலும் ஏன் குறைகிறது?

யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ வருடம் முழுவதும் வெயில் எறிக்கிறது. அப்படியிருந்தும் அளவு குறையக் காரணங்கள் உண்டு. கறுத்த தோலுக்கு அதே அளவு விற்றமினை உருவாக்கக் கூடுதல் நேரம் வேண்டும். வயது போகப்போகத் தோலின் திறன் குறையும். உடம்பை முழுதாக மூடும் உடை, குடை, வீட்டுக்குள்ளேயே இருக்கும் வேலை எல்லாம் சேர்ந்துகொள்ளும். கீமோ காலத்தில் தலைமுடி கொட்டியதால் வெளியே போகக் கூச்சப்பட்டு மாதக்கணக்கில் உள்ளேயே இருந்துவிடும் பெண்களும் இருக்கிறார்கள்.

எங்கள் பகுதிகளில் இன்னொரு காரணமும் உண்டு. போரில் காலை இழந்தவர்கள், முள்ளந்தண்டில் காயப்பட்டுச் சக்கர நாற்காலியில் இருப்பவர்கள் ஆகியோருக்கு வெளியே நடமாட்டமும் குறைவு, உடல் பாரம் தாங்காத எலும்பும் ஏற்கெனவே மெலிந்திருக்கும். அவர்களில் ஒருவருக்கு மார்பகப் புற்றுநோய் வந்தால் எலும்பைப் பற்றி முதல் நாளே கதைக்க வேண்டும். உடம்பில் செல் துண்டு உள்ளவர்கள் அதையும் சொல்ல வேண்டும். இடுப்பிலோ முதுகிலோ உள்ள துண்டு, எலும்பு அடர்த்தி பார்க்கும் ஸ்கானில் எலும்பு இருப்பதைவிடப் பலமாக இருப்பதுபோலக் காட்டிவிடக்கூடும். எம்.ஆர்.ஐ. எடுப்பதற்கு முன்பும் இதைச் சொல்வது அவசியம்.

வெயில் எடுப்பது என்றால் எந்த நேரம்? உங்கள் நிழல் உங்கள் உயரத்தைவிடக் குட்டையாக விழும் நேரத்திலேயே தேவையான கதிர் போதுமான அளவு கிடைக்கும். அதிகாலை வெயிலும் அந்தி வெயிலும் இதமாக இருந்தாலும் இந்த விடயத்தில் பெரிதாக உதவா. கண்ணாடி ஜன்னலுக்குள் இருந்தால் பலனில்லை. கையும் காலும் சிறிது நேரம் வெயில் பட இருந்தால் போதும், தோல் எரியும்வரை நிற்க வேண்டியதில்லை. ஆனால் கதிர்ச் சிகிச்சை பெற்ற இடத்தில் வெயில் படாமல் மூடிக்கொள்ள வேண்டும். கீமோ மருந்துகளில் சில தோலை வெயிலுக்கு எளிதில் புண்படச் செய்யும் என்பதால் அந்தக் காலத்தில் வைத்தியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

உணவில் விற்றமின் டி அதிகம் இல்லை. சூடை, சாளை போன்ற கொழுப்புள்ள மீன்களிலும் முட்டை மஞ்சட்கருவிலும் ஓரளவு இருக்கிறது. கல்சியத்துக்குத் தயிர், பால், முள்ளோடு உண்ணும் நெத்தலி, குரக்கன், எள்ளு, கீரை வகைகள் உதவும்.

புலம்பெயர்ந்தவர்களின் நிலை வேறு. குளிர்கால மாதங்களில் ஒஸ்லோவிலோ லண்டனிலோ ரொறன்ரோவிலோ எறிக்கும் வெயிலால் தோல் விற்றமின் டி-யை உருவாக்க முடியாது. கண்டியில் வாழ்பவர்களையும் நோர்வேயில் வாழும் இலங்கையரையும் ஒப்பிட்டு 2008 இல் வெளியான ஆய்வில், நோர்வேயில் இருந்தவர்களின் அளவு மிகக் குறைவாக இருந்தது. பிரித்தானிய சுகாதாரச் சேவையும் கறுத்த தோல் உள்ளவர்கள் வருடம் முழுவதும் நாளொன்றுக்கு 400 அலகு எடுப்பதைப் பற்றி யோசிக்கச் சொல்கிறது. ஆகவே அங்கே இருக்கும் அக்காவுக்குச் சரியான குளிசையும் அளவும், இங்கே இருக்கும் தங்கைக்கும் சரியாகத்தான் இருக்கும் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

அறிக்கையிலும் போத்தலிலும் உள்ள இலக்கங்கள்

இரத்தப் பரிசோதனை அறிக்கைகளில் இரண்டு அளவுமுறைகள் இருக்கின்றன. ஒன்று மில்லிலீற்றருக்கு நனோகிராம், மற்றது லீற்றருக்கு நனோமோல். 20 நனோகிராமும் 50 நனோமோலும் ஒரே அளவு. அறிக்கையில் 50 என்று இருந்தால் எந்த முறையில் என்று பாருங்கள். பொதுவாக 20 நனோகிராம் பெரும்பாலானோரின் எலும்புக்குப் போதும் என்று கருதப்படுகிறது. 30 இருக்க வேண்டும் என்று சொல்லும் வைத்தியர்களும் உண்டு. 12 க்குக் கீழே என்றால் அது தெளிவான குறைபாடு.

போத்தலிலும் இதே சிக்கல் உண்டு. ஐரோப்பாவிலிருந்து வருபவற்றில் மைக்ரோகிராம் என்று போட்டிருக்கும், கனடா, அமெரிக்கப் போத்தல்களில் ஐ.யூ. எனப்படும் அலகும் இருக்கும். 25 மைக்ரோகிராம் என்பது 1,000 அலகு. 70 வயதுவரை நாளொன்றுக்கு 600 அலகும், அதற்கு மேல் 800 அலகும் போதுமானவை. வைத்தியரின் ஆலோசனை இல்லாமல் 4,000 அலகுக்கு மேல் போகக்கூடாது என்பது பொதுவான எல்லை. குறைபாடு கடுமையாக இருந்தால் வைத்தியர் 50,000 அலகுக் குளிசையை வாரத்துக்கு ஒன்று வீதம் சில வாரங்களுக்குத் தருவது உண்டு. வாரத்துக்கு ஒன்று என்பதை நாளுக்கு ஒன்று என்று விளங்கிக்கொண்டு போட்டு ஆபத்தில் மாட்டியவர்கள் உலகின் பல இடங்களிலும் இருக்கிறார்கள். பெட்டியில் தமிழில் எழுதி ஒட்டிவிடுங்கள்.

ஒரேயடியாகப் பெரிய அளவு எடுத்தால் நல்லதுதானே என்றும் கேட்பார்கள். அவுஸ்திரேலியாவில் வயதான 2,256 பெண்களில் ஒரு பகுதியினருக்கு வருடத்துக்கு ஒருமுறை 5 இலட்சம் அலகு கொடுத்துப் பார்த்தார்கள். 2010 இல் முடிவு வந்தபோது, அதைப் பெற்றவர்களே கூடுதலாக விழுந்து கூடுதலாக எலும்பை முறித்திருந்தார்கள்.

அளவு மிஞ்சினால்

விற்றமின் டி கொழுப்பில் கரைந்து உடம்பில் தங்கிவிடும். மிஞ்சியது சிறுநீரோடு உடனே போய்விடாது. அளவு கடந்தால் இரத்தத்தில் கல்சியம் கூடும். அடங்காத தாகம், அடிக்கடி சிறுநீர் கழித்தல், வாந்தி, மலச்சிக்கல், சோர்வு, புத்தி தடுமாற்றம் என்பன அதன் அறிகுறிகள். சிறுநீரகமும் பழுதடையலாம்.

இங்கேதான் மார்பகப் புற்றுநோய் உள்ளவர்கள் மற்றவர்களைவிடக் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். புற்றுநோய் எலும்புக்குப் பரவினால் அதுவே இரத்தத்தில் கல்சியத்தைக் கூட்டக்கூடியது. அந்த நிலையில் வைத்தியருக்குத் தெரியாமல் விற்றமின் டி-யும் கல்சியமும் போடுவது எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றுவது போன்றது. அறிகுறிகளும் கீமோவின் பக்கவிளைவுகள் போலவே இருப்பதால் வீட்டில் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். சிறுநீரக வருத்தம், சிறுநீரகக் கல் உள்ளவர்களும், இருதயத்துக்கு டிகொக்சின் அல்லது பிரசருக்கு தயசைட் வகைக் குளிசை எடுப்பவர்களும் கேட்காமல் தொடங்கக்கூடாது.

கையில் உள்ள காசு எதற்கு?

போருக்குப் பிறகு ஒரு பெண்ணின் உழைப்பிலேயே ஓடும் குடும்பங்கள் வடக்கு, கிழக்கில் ஏராளம். அந்தப் பெண்ணுக்கே நோய் வரும்போது ஒவ்வொரு ரூபாவும் எண்ணிச் செலவழிக்கப்படுகிறது. வெளியில் செய்யும் விற்றமின் டி பரிசோதனை மலிவானதல்ல. எலும்பைப் பாதிக்கும் குளிசை தொடங்குபவர்களுக்கும், எலும்பு ஊசி போடவிருப்பவர்களுக்கும், முன்பு எலும்பு முறிந்தவர்களுக்கும் அந்தச் செலவு பொருத்தமானது. மற்றவர்கள் வைத்தியரிடம் கேட்டு, பரிசோதனை இல்லாமலேயே சாதாரண அளவில் எடுப்பது பெரும்பாலும் பாதுகாப்பானது. மாதாமாதம் திரும்பத் திரும்பச் சோதிக்க வேண்டியதில்லை.

காசைப் பிரித்துப் பார்க்க வேண்டி வந்தால் ஒன்றை நினைவில் வையுங்கள். ஹோமோனால் வளரும் மார்பகப் புற்றுநோயில் தமொக்சிபெனை ஐந்து ஆண்டுகள் ஒழுங்காகப் போட்டால், அடுத்த 15 ஆண்டுகளில் அந்த நோயால் இறக்கும் ஆபத்து ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. இது பல்லாயிரம் பெண்களில் உறுதிசெய்யப்பட்ட கணக்கு. வெளிநாட்டுப் போத்தல் எதற்கும் இப்படி ஒரு கணக்குக் கிடையாது. ஆகவே தெல்லிப்பழைக்கோ மட்டக்களப்புக்கோ மகரகமவுக்கோ கிளினிக் நாளில் போய்வரும் பயணச் செலவும், குளிசை தீர்ந்துபோகாமல் பார்ப்பதும்தான் முதலில் வர வேண்டும். வெளிநாட்டில் உள்ளவர்கள் உதவ விரும்பினால், போத்தல் வாங்குவதற்கு முன் அடுத்த கிளினிக் எப்போது, போய்வர என்ன தேவை என்று கேளுங்கள்.

ஏற்கெனவே போத்தல் வந்திருந்தால் எறிய வேண்டியதில்லை. அடுத்த கிளினிக்குக்கு அதையும், வீட்டில் போடும் மற்றக் குளிசைகளையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோங்கள். வைத்தியர் ஏசுவார் என்று மறைக்காதீர்கள். அங்கே கேட்க வேண்டிய கேள்விகள் இவை:

நான் எடுக்கும் மருந்து என் எலும்பைப் பாதிக்குமா?

எனக்கு விற்றமின் டி அளவோ எலும்பு அடர்த்தியோ பார்க்க வேண்டுமா?

இந்தப் போத்தலை எடுக்கலாமா? எடுப்பதென்றால் நாளுக்கா, வாரத்துக்கா, எத்தனை மாதத்துக்கு?

கல்சியம் தனியாக வேண்டுமா, சாப்பாட்டில் கிடைப்பது போதுமா?

கிளினிக்கில் சனம் நிறைந்திருக்கும், வைத்தியரிடம் இருக்கும் நேரம் கொஞ்சம். அதனால் கேள்விகளைத் துண்டொன்றில் எழுதிக்கொண்டு போங்கள், முடிந்தால் கூட ஒருவரை அழைத்துப் போங்கள். சொன்ன பதிலையும் அதே துண்டில் எழுதிக்கொண்டு வாருங்கள். அடுத்த முறை கனடாவிலிருந்து அக்கா தொலைபேசி எடுக்கும்போது அவவுக்கும் அதை வாசித்துக் காட்டலாம்.